அக்டோபர் 4 – பிள்ளைகளின் 'இந்த நாளில்' நிகழ்ச்சி

அனைவருக்கும் வணக்கம்.

வரும் அக்டோபர் 4, ஞாயிறு மாலை 3.30 மணிக்கு, நம் குடியிருப்புச் சங்க அறையில் பிள்ளைகள் பேசுகிறார்கள். அன்று நடந்தவற்றில் மூன்றை எடுத்திருக்கிறோம்:

1. 1884 – சுப்பிரமணிய சிவா பிறந்தது. ஊர் வத்தலக்குண்டு, நாம் மலையிறங்கினால் பஸ் நிற்கும் அதே வத்தலக்குண்டுதான். 1908-இல் வ.உ.சி.யுடன் கைதானவர். சிறையில் தொழுநோய் பற்றியது. ரயிலில் ஏறத் தடை வந்ததும் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இவருக்கு மட்டும் பதினைந்து நிமிடம். நம் பக்கத்து ஊர்க்காரர், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை!

2. 1904 – திருப்பூர் குமரன் பிறந்தது, சென்னிமலையில்.

3. 1957 – சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. 58 செ.மீ. குறுக்களவு, சுமார் 84 கிலோ. அதன் 'பீப் பீப்' ஒலியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட ஸ்பீக்கர் வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?

செய்ய வேண்டியவை:

1. பேசும் பிள்ளையின் பெயர், வகுப்பு, தலைப்பு: புதன் இரவுக்குள் இங்கேயே போடவும்.
2. ஒருவருக்கு ஐந்து நிமிடம். சிவாவுக்கு மூன்று பேர் தேவை.
3. ஃபார்வர்டில் வந்ததை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும், தடுமாறினாலும் சரி.
4. ஸ்வெட்டர், குடை கட்டாயம். மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடுகிறது.
5. தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில் மட்டும்.

டீ, வர்க்கி சங்கச் செலவு. அப்புறம், வெறும் கட்டைவிரல் மட்டும் போடாமல் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எண்ணிக்கையும் சொல்லுங்கள்.