குமிழி நின்னுடுச்சு, எல்லாருக்கும் நன்றி

அப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்து இன்னைக்கோட பத்து நாள் ஆச்சு, இப்ப திண்ணைல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு, அதான் எழுதணும்னு தோணுச்சு.

அவருக்கு முன்னாடி டிபி வந்து குணமானது. ஆனா அந்த தழும்பு நுரையீரல்ல இருந்திருக்கு, அதுல ஒரு இடம் உடைஞ்சு காத்து நெஞ்சுக்குள்ள நிறைஞ்சு ஒரு பக்க நுரையீரலே சுருங்கிப்போச்சு. விலாவுல ட்யூப் போட்டு அதோட மறு முனைய தண்ணி பாட்டில்ல விட்டாங்க, நுரையீரல் ஓட்டைலேர்ந்து காத்து கசியுற வரைக்கும் அந்த தண்ணில குமிழி வரும். நிறைய பேருக்கு சில நாள்ல ஓட்டை தானா மூடிக்கும்னாங்க, அப்பாவுக்கு ரெண்டு வாரம் ஆகியும் மூடல. இருமினா பொளபொளன்னு குமிழி, பேசினாலும் குமிழி. அந்த பாட்டிலையே பாத்துட்டு உக்காந்திருப்போம்.

நைட் டியூட்டி சிஸ்டர், உங்களத்தான் முதல்ல சொல்லணும். எக்ஸ்ரேக்கு போகும்போது ட்யூப்ப கிளாம்ப் போட்டு அடைச்சிரலாமான்னு நான் கேட்டப்ப, திட்டாம நிறுத்தி வெச்சு புரிய வெச்சீங்க, குமிழி வர்ற ட்யூப்ப அடைச்சா காத்து வெளிய போக வழியில்லாம இதயத்தையே அமுக்கிடும், பாட்டில எப்பவும் நெஞ்சுக்கு கீழயே வெக்கணும்னு. அன்னைக்கு அது தெரியலன்னா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

டாக்டர், ஆபரேஷன் தாங்குற அளவுக்கு அப்பாவுக்கு மூச்சு இல்ல, மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா குழாய் விட்டு (ப்ராங்கோஸ்கோப்பி), கசியுற பக்கம் காத்து போகாம தடுக்குற வால்வு வெக்க எங்ககிட்ட காசு இல்ல. நீங்க கைவிடல. அப்பாவோட கையிலேர்ந்தே 100 மில்லி ரத்தம் எடுத்து, உறையறதுக்குள்ள சட்டுனு அந்த ட்யூப் வழியாவே உள்ள விட்டு, ட்யூப்ப மேல தூக்கி மாட்டுனீங்க, ரத்தம் உள்ளயே நிக்கணும் ஆனா காத்து மட்டும் வெளிய போகணும்னு. அந்த ரத்தமே உறைஞ்சு ஓட்டைய அடைக்கும்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்கையே வரல. ரெண்டாம் நாள் காலைல அப்பாவ இரும சொன்னீங்க, தண்ணி அசையவே இல்ல. அம்மா அங்கயே அழுதுட்டாங்க.

மூணு பந்து இருக்குற கருவில மூச்ச இழுத்து பந்த மேல தூக்க வெச்ச பிசியோ தம்பி, பெட்ஷீட் மாத்துறப்பல்லாம் ட்யூப்ப பூ மாதிரி புடிச்சுக்கிட்ட ஆயாம்மா, உங்களுக்கும் நன்றி. ட்யூப் போட்டு குமிழி நிக்காம வார்டுல யாராவது இருந்தா, சொந்த ரத்தத்தாலயே ஓட்டைய அடைக்க (பிளட் பேட்ச்) முடியுமான்னு உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா கேளுங்க.

பக்கத்து பெட் அண்ணே, நான் தூங்கிட்டப்ப எங்க பாட்டிலையும் சேத்து பாத்துக்கிட்டீங்க. உங்க தூக்குவாளி எங்க வீட்டுலதான் இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவோட நேர்ல வந்து தர்றோம்.