சண்முகத்துக்கு, அந்த டிபன் பாக்ஸ் விஷயமா

டேய் சண்முகம்,

மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு, இவன் பதிலே காணோமேன்னு திட்டிட்டு இருப்ப, தெரியும். ஒசாகால மக வீட்டுக்கு வந்ததுல இருந்து பேரன் ராத்திரி முழுக்க முழிச்சே கெடக்கான், பல்லு முளைக்குது, நானும் அவளும் மாத்தி மாத்தி தூக்கிட்டு நடக்கறோம். முழங்கால் பரவால்ல. உனக்கு சுகர் எப்படி இருக்கு, காலைல நெஜமாவே நடக்கறியா, இல்ல டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்து வாக்கிங்னு கணக்கு காட்றியா?

போன வாரம் ஹிரோஷிமா போயிட்டு வந்தோம். அதான் வாட்ஸ்அப்ல பத்தாதுன்னு இத எழுதறேன். பொங்கலப்ப உங்க மொட்டை மாடில நீ சொன்னது ஞாபகம் இருக்கா, 1945ல அமெரிக்காக்காரன் ஜப்பான் மேல அணுகுண்டு போட்டதுல என்னடா தப்பு, போடலன்னா சண்டை இழுத்துட்டே போயி இன்னும் பத்து லட்சம் பேரு செத்திருப்பான், கணக்குப் போட்டுப் பாருன்னு. அன்னிக்கு எனக்கு பதில் வரல, பேச்ச மாத்திட்டேன். ஆனா அது உள்ளயே கெடந்து உறுத்திட்டு இருந்துச்சு.

அங்க மியூசியத்துல ஒரு டிபன் பாக்ஸ் இருக்குடா. நசுங்கிப்போன அலுமினிய டப்பா. உள்ள இருக்கற சோறு அப்படியே கரியா இருக்கு. ஷிகேருன்னு 13 வயசுப் பையனோடது. பார்லியும் சோயாவும் கலந்த சோறு, உருளைக்கிழங்கு சீவி வதக்கினது. அவங்கம்மா புதுசா திருத்தின நெலத்துல வெளஞ்ச முதல் வெள்ளாமையாம், பையன் ஆசையா எடுத்துட்டுப் போயிருக்கான். சில நாள் கழிச்சு அம்மாதான் தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க, பாடிக்கு அடியில இந்த டப்பா. நம்ம வீட்டம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னாடியே நின்னுட்டா, நகரவே இல்ல. வெளிய வந்தப்புறம், "அன்னிக்கு என்ன கட்டிக் குடுத்தோம்னு அந்தம்மாவுக்கு மறக்கலங்க"ன்னா. அவ்ளோதான் சொன்னா. கரியப் பாத்து எவனால சொல்ல முடியும் அது உருளைக்கிழங்குன்னு?

சரி, ஒரு ஸ்கூல் பையன் குண்டு விழுந்த நேரம், காலைல எட்டேகாலுக்கு நடுத்தெருவுல என்ன பண்ணிட்டு இருந்தான்னு கேட்டா அது இன்னொரு கொடுமை. மத்த ஊர்லெல்லாம் அமெரிக்காக்காரன் நெருப்புக்குண்டு போட்டு எரிச்சிட்டு இருந்தான்ல, தீ பரவக்கூடாதுன்னு ஊர் நடுவுல வரிசையா வீடுகள இடிச்சு சந்து விடற வேலை, அதுக்கு ஆள் இல்லாம ஆறாவது ஏழாவது முடிச்ச பசங்களயும் பொண்ணுங்களயும் கூட்டிட்டு வந்துட்டாங்க. வெயில்ல, தலைக்கு மேல ஒண்ணுமில்லாம ஆயிரக்கணக்குல குழந்தைங்க. அன்னிக்கு, ஆகஸ்ட் 6, 7:09க்கு சைரன் அடிச்சிருக்கு, வந்தது வானிலை பாக்கற ஒரே ஒரு ப்ளேன், 7:31க்கு ஆபத்து இல்லைன்னு திரும்ப அடிச்சிட்டாங்க, எல்லாரும் நிம்மதியா வேலைக்குப் போயிட்டாங்க. அப்புறம் வந்தது மூணே மூணு ப்ளேன். மூணு ப்ளேனுக்கு எவன் பயப்படுவான்?

ஹிரோஷிமால அந்த 1945 கடைசிக்குள்ள செத்தவங்க மட்டும் சுமார் 1,40,000 பேரு. நாகசாகில 70,000க்கு மேல. அதுவும் நாகசாகி அன்னிக்கு முதல் குறியே கிடையாது தெரியுமா, கொகுராவுக்குத்தான் கெளம்பினான், அங்க மேகமும் புகையுமா மறைச்சிருந்துச்சு, சுத்திச் சுத்திப் பாத்துட்டு நாகசாகிக்குத் திருப்பிட்டான். ஒரு ஊரு பொழச்சதும் இன்னொரு ஊரு அழிஞ்சதும் மேகத்தால.

இப்ப உன் கணக்குக்கு வர்றேன். அந்தப் பத்து லட்சம் 1947ல ஸ்டிம்சன், சண்டை சமயத்துல அமெரிக்காவோட போர் மந்திரியா இருந்தவரு, அவர் எழுதின கட்டுரைலதான் பெருசா வந்துச்சு, அதுவும் காயம்பட்டவங்களையும் சேத்து. குண்டுவீச்சப் பத்தி அமெரிக்க அரசாங்கம் எடுத்த சர்வேயே 1946ல சொல்லிடுச்சு, அணுகுண்டு போடலன்னாலும் ஜப்பான் 1945க்குள்ளயே சரணடைஞ்சிருக்கும்னு. ஆனா இத வெச்சு உன்ன மடக்க மாட்டேன், நடந்து முடிஞ்சப்புறம் சொல்றது ஈஸிடா. ஜப்பான்காரன் சீனாவுல நான்ஜிங்ல பண்ணின படுகொலை எனக்கும் தெரியும். ஹிரோஷிமால பெரிய ராணுவத் தலைமையகம் இருந்ததும் நெஜம். ஒரே ராத்திரில டோக்கியோவ எரிச்சு கிட்டத்தட்ட லட்சம் பேரக் கொன்னது மார்ச்லயே நடந்துடுச்சு, அதுக்கு அணுகுண்டு தேவைப்படலன்னு நீ சொல்லுவ. சரிதான். ஒரு ஊரையே எரிக்கலாம்ங்கறது அப்பவே பழகிப்போச்சு, ஆகஸ்ட்ல அதுக்கு ஒரு ப்ளேன் போதும்னு ஆச்சு, அவ்ளோதான்.

ஆனா எனக்கு இடிக்கறது அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ட்ரூமன்தான். ஜூலை 25 டைரில அவரே எழுதறாரு, ராணுவத்து மேல மட்டும்தான் போடணும், பொம்பளைங்க குழந்தைங்க மேல கூடாதுன்னு. ஹிரோஷிமா முடிஞ்சு, ஆகஸ்ட் 9 ரேடியோவுல அது ஒரு ராணுவ தளம்னு பேசறாரு. மறுநாள் மந்திரிசபைல, இனிமே என் அனுமதி இல்லாம போடாதீங்க, இன்னொரு லட்சம் பேர அழிக்கறத நெனச்சாலே கொடூரமா இருக்கு, அத்தன குழந்தைங்களன்னு சொன்னதா வாலஸ்னு இன்னொரு மந்திரி டைரில எழுதி வெச்சிருக்காரு. பாத்தியா? போடறதுக்கு முந்தி குழந்தைங்க டைரில மட்டும்தான், ரெண்டு ஊரு போனப்புறம்தான் கணக்குல வர்றாங்க. போடச் சொன்ன ஆளுக்கே மூணாவது தடவ கை வரலன்னா, மொட்டை மாடில உக்காந்து டீ குடிச்சிட்டே நமக்கு எப்படிடா வருது?

இன்னொண்ணு. சண்டைய முடிக்கத்தான் போட்டாங்கன்னு வெச்சுக்குவோம், ஆகஸ்ட் 15ல முடிஞ்சும் போச்சு. குண்டுக்கு அது தெரியலயே. சடாகோன்னு ஒரு பொண்ணு, அன்னிக்கு ரெண்டு வயசு, மேல ஒரு கீறல் இல்ல, வளந்து ஸ்கூல் ரிலேல ஓடிட்டு இருந்த புள்ள, குண்டோட கதிர்வீச்சால 1955ல ரத்தப் புத்துநோய் வந்து 12 வயசுல போயிட்டா. சண்டை முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு. குண்டுல பொழச்சவங்கள அமெரிக்காக்காரன் ஆரம்பிச்ச ஆராய்ச்சி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுப்பாங்களாம், அளப்பாங்களாம், வைத்தியம் மட்டும் பாக்க மாட்டாங்களாம். ஜப்பான் கவர்மென்ட்டே வைத்திய உதவிக்குச் சட்டம் கொண்டு வர்றதுக்கு 1957 ஆயிடுச்சு.

கல்யாண விஷயத்த கேட்டா உனக்கு இன்னும் சுருக்குனு இருக்கும். ஹிரோஷிமாப் பொண்ணு, நாகசாகிப் பொண்ணுன்னு தெரிஞ்சா சம்பந்தம் வேணாம்னுடுவாங்களாம், பொறக்கற குழந்தைக்கு என்ன ஆகுமோன்னு பயம், அதனால எத்தனையோ பேரு கட்டினவன்கிட்ட கூடச் சொல்லாம மறைச்சே வாழ்ந்திருக்காங்க. நீ இப்ப பொண்ணுக்கு வரன் பாத்துட்டு, ஜாதகம் ஒத்து வருதா, குடும்பம் எப்படின்னு அலையறியே, அந்த ஊர்ல பொண்ணப் பெத்தவன் என்ன பாடுபட்டிருப்பான்.

இதச் சொல்லியே ஆகணும். கூலிவேலைக்குக் கூட்டிட்டு வந்த கொரியாக்காரங்களும் ஆயிரக்கணக்குல செத்திருக்காங்க. அவங்களுக்கு 1970ல நினைவுக்கல்லு வெச்சாங்க, ஆனா அமைதிப் பூங்காவுக்கு வெளிய. உள்ள கொண்டு வந்தது 1999லதான். செத்தப்புறமும் தனிச் சுடுகாடு, நம்மூர்க்காரனுக்குச் சொல்லித்தான் புரியணுமா.

திரும்பி வர்ற ரயில்ல யாரும் பேசல. நம்ம வீட்டம்மா காலைல கட்டின எலுமிச்சம்பழ சாதம் பையிலயே இருந்துச்சு, எடுக்க மனசு வரல, வீட்டுக்கு வந்து ராத்திரி பத்து மணிக்குத்தான் தெறந்தோம்.

அடுத்த மாசம் 12ம் தேதி மெட்ராஸ் வந்து எறங்கறோம், ஊருக்கு வர இன்னும் ரெண்டு மூணு நாளாகும். அந்த ட்ரூமன் டைரிக்கு என்ன பதில் வெச்சிருக்கன்னு யோசிச்சு வை, மொட்டை மாடிலயே வெச்சுக்குவோம். பொண்ணு ஜாதகத்த மெயில்ல அனுப்பு, இங்க மாப்பிள்ளையோட வேலை பாக்கற ஒரு திருச்சிப் பையன் இருக்கான், நல்ல பையனா தெரியறான். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்,
முத்து