லாரி கழுவ நெடுஞ்சாலையில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. லாரியை ரோட்டோரம் நிறுத்தியவரையும் வேகமாக வந்தவரையும் குறை சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த லாரியின் பின்பக்கம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சங்ககிரிக்காரன். சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி மதுரை, கரூர், நாமக்கல், சேலம் வழியாகப் பெங்களூரு பக்கம் போவதுதான் பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் லோடு.

எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் எல்லா லாரியும் பளிச்சென்று இருக்கும். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் டயர் வாரியடிக்கிற சேறு ஒரே ராத்திரியில் அதை மூடிவிடும். அப்புறம் எவ்வளவு ஹெட்லைட் அடித்தாலும் அது மண்சுவர் மாதிரிதான். டெயில் லேம்ப்புக்கும் அதே கதி. கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. லைட் எரிகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். வண்டியின் முகப்புக்குத் தினமும் பூ வைக்கிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். பின்பக்கத்தை ஆயுத பூஜைக்குத்தான் பார்க்கிறோம்.

உப்பு லோடு இன்னும் மோசம். பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் மேல் சொட்டிக்கொண்டே வரும். ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடித்திருக்கும் யூ-போல்ட் எல்லாம் துருவேறும். சேஸில் முடுக்கியிருக்கும், லைட்டின் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரின் முனையையும் அது அரித்துவிடும். டெயில் லேம்ப் முதலில் மங்கும், பிறகு அணைந்துபோகும். பல்பை மாற்றிப் புண்ணியமில்லை, அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அதனால் லோடு இறக்கியதும் முதலில் பாடியை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கூட்டிவிடுவேன். அப்புறம் நல்ல தண்ணீர், நிறையத் தண்ணீர். உப்பளம் பக்கத்துப் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பாக இருக்கும், அதில் கழுவிப் பிரயோஜனமில்லை. சேஸின் உட்பக்கம் குறுக்குச் சட்டம் சேருகிற மூலைகளில் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், உப்பு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சிமெண்ட் ஏற்றுபவர்கள் தண்ணீர் படுவதற்கு முன்பே காற்றடித்துத் தூசியை எடுத்துவிட வேண்டும். நனைந்தால் இறுகிவிடும்.

வாட்டர் சர்வீஸில் விட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சில இடங்களில் கறை போக ஆசிட் கலந்து அடிக்கிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும், பெயிண்டும் அலுமினிய டீசல் டேங்க்கும் பொரிந்துபோகும். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பிலும், இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பான கிராஸிலும் பிரஷர் தண்ணீரை நேராக அடித்தால் உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸ் வீணாகும். கழுவிய கையோடு கிரீஸ் அடிக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில் சென்சாரும் ஒயர் சாக்கெட்டும் அதிகம். அந்தப் பக்கம் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதெல்லாம் எங்கள் வேலை, நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் வழியில் எங்கே கழுவுவது? ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் லாரியை இறக்கினால் ஊர்க்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. டீசலும் ஆயிலும் மிதக்கிற தண்ணீரை ஆடு மாடு எப்படிக் குடிக்கும்? காவிரிக்கரையிலேயே வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த டிரைவரும் ஆற்றில் வண்டியை இறக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

நெடுஞ்சாலை ஆணையத்திடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. லாரி நிறுத்துமிடங்களில் ஒரு கான்கிரீட் தளம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு நீருக்கு இரண்டு மூன்று தொட்டிகள். சேறு அடியில் தங்கும், ஆயில் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு விட்டுச் சுத்தம் செய்து திரும்பவும் பயன்படுத்தலாம். டோல் கட்டுகிறவர்கள் இதற்கும் ஒரு நியாயமான கட்டணம் கொடுப்பார்கள். லாரி அதிகம் ஓடும் கரூர்-நாமக்கல்-சேலம் சாலையில் முதலில் செய்து பார்க்கலாம்.

அது வரும்வரை ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் வண்டியில் இருக்கட்டும். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் டெயில் லேம்ப், ஸ்டிக்கர், நம்பர் பிளேட் மூன்றையும் துடைத்துவிட்டு ஏறுங்கள். ராத்திரியில் நிறுத்திப் பேப்பர் பார்க்கும் ரோந்து போலீஸாரும் பின்பக்கம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அழுக்காக இருந்தால் அபராதம் வேண்டாம். துடைத்த பிறகு வண்டியை விட்டால் போதும்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்-ஓட்டுநர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.