பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அப்பாவின் வியாதி பற்றி ராத்திரி 3.15 மணிக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "எல்லாம் ஓகேக்கா. இன்னும் ரெண்டு மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுவேன்." எல்லாம் ஓகே என்றால் அந்நேரத்துக்கு ஏன்டா முழித்துக்கொண்டிருந்தாய்?

பல்லைக் கடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வேலை போன அந்த வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை, உன்னிடம்கூட. ஒருநாள் எதையோ மெல்லும்போது கடைவாய்ப்பல்லில் சுருக்கென்றது. பல் டாக்டர் கண்ணாடியில் காட்டினார்: மேற்பகுதி தேய்ந்து, குறுக்கே மயிரிழையாய் ஒரு விரிசல். "தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க. மனசுல ஏதாவது பாரமா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்று மாதமாக வராமல் இருந்த அழுகை.

நெருக்கடி என்றால் உடம்பில் அட்ரினலின், கார்டிசோல் என்கிற ஹார்மோன்கள் சுரந்து இதயத்தை விரட்டும், தசையை முறுக்கும். எதிர்த்து நிற்கவோ ஓடவோ அது வேண்டியதுதான். ஓடி முடித்ததும் அடங்க வேண்டிய ஏற்பாடு. அப்பாவின் வியாதிக்கு அப்படி ஓடி முடிக்கிற இடம் எங்கே இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே உன் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கும்போதே தாடையைத் தொட்டுப் பார். இறுகித்தான் இருக்கும்.

மூச்சுப் பயிற்சி என்றால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு, போதும்.

எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது ஒரு நோட்டு. 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 57 பேரில் ஒரு பாதியினர் படுக்கும் முன் 5 நிமிடம் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மறு பாதியினர் முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். 9 நிமிடம்தானா என்பாய். புரண்டு கிடக்கிறவனுக்கு அது எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்ததாம். அதனால் "அப்பா விஷயம்" என்று மொட்டையாக எழுதாதே. "செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கணும்" என்று எழுது.

"எல்லாம் நல்லதுக்கே" என்று சொல்ல வருகிறவர்களின் போனைக் கொஞ்ச நாளைக்கு எடுக்காதே. அவர்களுக்குத் தைரியம் சொல்லியே நீ களைத்துப்போவாய்.

இரண்டு வாரமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டே கிடந்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், மனநல டாக்டரைப் பார். பல்லுக்குப் போகிற மாதிரிதான் அதுவும். வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு எட்டிப்பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதே. அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடு, 3.15 ஆனாலும்.

இன்ஷூரன்ஸ் பேப்பரும், சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் இன்றிலிருந்து என் வேலை. உன் நோட்டில் அந்த இரண்டு வரியை அடித்துவிடு. பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பு. பகலில் அனுப்பு.

அக்கா