பதினைந்து வயசுக் குதிரையாகப் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகனுக்குப் பரீட்சையும் எங்கள் மருத்துவமனையில் குதிரைகள் குட்டி போடும் காலமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நீங்கள் டார்ட்மூர் மேட்டு நில ஓரத்தில் வீடு எடுத்தபோதே உன் சின்னவள் குதிரை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். ஹாஸ்டல் வாசலில் படுத்திருந்த நாயைக் கண்டு சுற்றுவழியில் போனவளுக்கு இப்படி ஒரு பெண்!

உன் வீட்டுக்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பொன்னிறம், வெள்ளைப் பிடரி, நாலு வயசு. அழகுதான். வேண்டாம் என்று சொல்லிவிடு.

நாலு வயசுப் போனி, அதாவது குட்டை ஜாதிக் குதிரை, இன்னும் தானே பாடம் படிக்கிற வயசில் இருக்கிறது. ஆறு வயசுக் குழந்தையும் அதுவும் சேர்ந்தால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் பார். போனிகள் இருபத்தைந்தைத் தாண்டியும் வாழக்கூடியவை, அதனால் பதினைந்து என்றதும் கிழம் என்று முகம் சுளிக்காதே. கண்ணுக்கு மேலே குழி விழுந்து, முகத்தில் நரை தட்டி, மூன்று நாலு வீட்டுப் பிள்ளைகளை வளர்த்துவிட்ட குதிரைதான் உனக்கு வேண்டும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் விளம்பரத்துக்கே வருவதில்லை, வாய்வழியாகவே கைமாறிவிடும். உங்கள் பக்கத்து போனி கிளப் கிளையில் போய்ப் பேச்சுக் கொடு. பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுத்தருகிற, 1929 முதல் இருக்கிற சங்கம் அது. எந்தப் பிள்ளையின் கால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்க ஆரம்பித்துவிட்டது என்ற கணக்கு அங்குள்ள அம்மாக்களிடம் இருக்கும்.

எந்த ஜாதி என்று கேட்டிருந்தாய். வெல்ஷ் ஜாதியில் செக்‌ஷன் ஏ என்கிற சின்ன வகை பன்னிரண்டு ஹேண்ட் வரை வளரும். ஒரு ஹேண்ட் என்றால் 4 அங்குலம். உங்கள் ஊர் டார்ட்மூர் ஜாதி அதைவிடக் கொஞ்சம் உயரம், 127 செ.மீ. வரை. ஷெட்லாண்ட் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் உருவம் சின்னது என்பதால் குணமும் சாது என்று எண்ணிவிடாதே. முதுகு அகலமாக இருந்தால் குழந்தையின் கால் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், பிடிமானம் இருக்காது. எந்த ஜாதியானாலும், நீ பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நடக்கும்போது எட்டிக் குழந்தையின் இடுப்பைப் பிடிக்க முடிய வேண்டும். அதுதான் சரியான உயரம்.

உங்கள் மேட்டு நிலத்தில் திரிகிற குதிரைகளைப் பார்த்து ஆசைப்படாதே. இங்கே எங்கள் பக்கத்து நியூ ஃபாரஸ்ட் காட்டிலும் அப்படித் திரிகின்றன. காட்டில் சுற்றினாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக, அங்கே மேய்கிறவற்றைக் கவனித்துக்கொள்கிற அஜிஸ்டர்கள் வால்முடியை வெட்டிவிடுவார்கள். இங்குள்ள பியூலி ரோடு குதிரைச் சந்தையில் குட்டிகளைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மனுஷக் கையே படாத குட்டி உன் பெண்ணுக்கு எதற்கு?

குதிரை பார்க்கப் போகும்போது, நாங்கள் வருமுன் அதைப் பிடித்துக் கட்டிவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நீ போய் இறங்கும்போதே சேணம் பூட்டி, விலாவில் வியர்வையோடு நின்றால், காலையிலேயே யாரோ ஓட்டி அதன் துள்ளலை அடக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். மேய்ச்சலில் இருப்பதைப் போய்ப் பிடிப்பதிலிருந்து பார். நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொல். வயிற்றுவாரை இறுக்கும்போது காதை மடக்குகிறதா, கடிக்கத் திரும்புகிறதா என்று கவனி. அவர்கள் வீட்டுப் பிள்ளை முதலில் ஏறட்டும். பிள்ளைக்கு இன்று உடம்பு சரியில்லை என்றால், சரி, இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடு. அப்புறம் மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகத் தெருவில் நடத்திப் பார்க்க வேண்டும், டிராக்டர், குப்பைத்தொட்டி, குரைக்கிற நாய் எல்லாவற்றையும் தாண்டி.

இவ்வளவும் பார்க்கிறவர்கள்கூட அது சும்மா நிற்குமா என்று பார்ப்பதில்லை. ஆறு வயசுக்காரியின் சவாரியில் பாதி நேரம் குதிரை நின்றுகொண்டுதான் இருக்கும். அங்கவடி நீளமாகிவிட்டது, கையுறை விழுந்துவிட்டது, அழுகை, ஒன்றுக்கு வருகிறது. போன மாதம் ஒரு பண்ணையில் சேணம் சரிந்து ஒரு குழந்தை குதிரையின் விலாப்பக்கம் தொங்கியது. அந்தச் சாம்பல் நிற வெல்ஷ் கிழவி அடுத்த அடி வைக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்க் குழந்தையை இறக்குவதற்குள் குனிந்து புல் மேய ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குணத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

பிடித்துவிட்டால் வாங்குமுன் குதிரை மருத்துவர் செய்கிற ஐந்து கட்டப் பரிசோதனையைச் செய்யச் சொல். விற்கிறவர்களின் வழக்கமான மருத்துவர் வேண்டாம், நானும் வேண்டாம், உங்கள் பக்கத்திலேயே ஒருவரைப் பிடி. ரத்தம் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள். மயக்கமோ வலிமருந்தோ கொடுத்து நல்ல பிள்ளையாகக் காட்டியிருந்தால் பின்னால் தெரிந்துவிடும். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் அதன் கழுத்தில் பதித்த மைக்ரோசிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்க்கச் சொல். 2020 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எல்லாக் குதிரைக்கும் சிப் கட்டாயம்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் அந்தப் பசும்புல். மேட்டு நிலத்தின் காய்ந்த புல்லைத் தின்று பழகிய ஜாதிக்கு அந்தச் சர்க்கரை ஆகாது. குளம்புக்குள் அழற்சி வந்து, கொதிக்கிற தரையில் மிதிக்கிற மாதிரி நடக்கும். லாமினைட்டிஸ் என்பது அதுதான். குளம்பின் வளையங்கள் முன்னால் நெருக்கமாகவும் குதிகாலில் அகன்றும் இருந்தால் ஏற்கெனவே வந்துபோயிருக்கலாம், கேள். வெயில் காலத்திலும் நீள ரோமம் உதிராமல் இருந்தால் குஷிங் என்கிற ஹார்மோன் நோயாக இருக்கலாம். வயசான போனிக்கு அது சகஜம், தினம் ஒரு மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். அதற்காக நல்ல குதிரையை விட்டுவிடாதே. ஆனால் புல்லை வேலி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். தனியாகவும் வைக்கக் கூடாது, துணைக்கு இன்னொன்று வேண்டும் என்பதையும் உன் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லி வை.

என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம். தங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போனதை விற்க மனமில்லாமல் இரவலாகக் கொடுக்கிற குடும்பங்கள் நிறைய. லாடச் செலவு யாருடையது, மருத்துவச் செலவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள். மூன்று நாலு வருஷத்தில் இவளும் வளர்ந்துவிடுவாள், அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அம்மா ஜூலையில் வருகிறாள், மூட்டுவலி பரவாயில்லையாம். அதற்கு முன் ஒரு சனி ஞாயிறு அங்கே வருகிறேன், தேதி சொல். பார்க்கப் போகிற குதிரையின் குளம்புகளை மட்டும் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு. நீ கேட்ட இட்லி ரவை சவுத்தாம்ப்டனில் கிடைக்கிறது, வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்