பக்கத்துப் படுக்கை அக்காவுக்கு

போன மாதம் அடையாறில் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மறுநாள், உள்ளே சேரும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற விலாவில் தொங்கவிட்டிருந்த டிரெயின் குழாயைத் தொடவே எனக்குக் கை நடுங்கியது.

அதே அறையில் உங்கள் அம்மாவுக்குத் துணையாக இருந்த நீங்கள்தான் எழுந்து வந்தீர்கள், அக்கா. "முதல்ல கையைக் கழுவுங்க தம்பி" என்றீர்கள். ஒரு கையால் குழாயை மேலே அழுத்திப் பிடித்து, மறு கையால் மெல்லக் கீழே உருவி, அடைத்திருந்த ரத்தத் துணுக்கு இறங்குவதைக் காட்டினீர்கள். அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுத் தந்தீர்கள்: தேதி, நேரம், எத்தனை மில்லி.

வீட்டுக்கு வந்தபின் 12 நாளும் அந்தத் தாளில்தான் எழுதினேன். 110, 80, 45... ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் இவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கையை மேலே தூக்க வருவதற்காக, சுவரில் விரல்களை மேல்நோக்கி நடக்கவிடும் பயிற்சியைத் தினமும் செய்கிறாள். இன்று காலை தானே தலை பின்னிக்கொண்டாள், அக்கா. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் பெயரைக் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்களா? ரொம்ப நன்றி அக்கா.