நௌஷிகா மறைத்த உண்மை

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊசியில் நூல் கோக்கிறார்கள். நெட்டையன் ஒருவழியாக வீட்டைக் கட்டி முடித்துவிட்டான். கிரகப்பிரவேசத்தில் உன்னை விசாரிக்காதவர் இல்லை. தயிர்சாதக் கதையும் வழக்கம்போல் அரங்கேறியது. மற்ற ஊர்ச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் முழுக்க, நாம் பார்த்த அந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தின் நாயகி நௌஷிகாவைப் பற்றியதுதான்.

சின்னவள் தன் முதல் சம்பளத்தில் எனக்கென்று வாங்கி வந்தது அந்தப் படத்துக்கு மூலமான மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், ஏழு தொகுதிகள். படத்தை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், அதை வைத்துச் சண்டையும் போட்டிருக்கிறோம். ஆனால் 1984 மார்ச்சில் வெளியான அந்தப் படம், கதையின் முதல் இரண்டு தொகுதிகள் அளவுக்குத்தான் வருகிறது என்பதை நூலைக் கையில் வைத்துக்கொண்டு உணரும்போது ஏற்படும் திகைப்பே வேறு. மூலக்கதை இல்லாத படத்தை எடுக்க முடியாது என்று இயக்குநர் மியாசாகியின் யோசனை தட்டிக்கழிக்கப்பட்டதால், அவர் 1982 தொடக்கத்தில் அனிமேஜ் மாத இதழில் மூலக்கதையை வரையத் தொடங்கினார். படம் வந்து, அதன் வெற்றியில் அடுத்த ஆண்டே ஜிப்லி ஸ்டூடியோ உருவாகி, அங்கே அடுத்தடுத்துப் படங்களை இயக்கிய நடுவிலும் விட்டுவிட்டு வரைந்து, 1994இல்தான் முடித்தார். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் யூகோஸ்லாவியாவில் போர் மூண்டதும் அந்த ஆண்டுகளில்தான். ஒரே மனிதர் தம் நாற்பதுகளின் தொடக்கத்தில் சொன்ன முடிவை ஐம்பது வயது கடந்து தாமே மறுத்து எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, "செத்தவள் எழுந்து வருகிறாள், இது பக்திப் படம்" என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? உன் கட்சிக்கு வலுவான சாட்சி கிடைத்திருக்கிறது. மியாசாகி முதலில் வரைந்த முடிவில், பாய்ந்து வரும் ஓமு என்னும் இராட்சதப் பூச்சிகளின் கூட்டத்துக்கு முன் அவள் போய் நிற்பதோடு படம் நின்றுவிடுமாம். தயாரிப்பாளராக இருந்த தகஹாதாவும் அனிமேஜ் ஆசிரியர் குழுவிலிருந்த சுசுகியும் பேசிப் பேசித்தான் அவள் இறந்து மீள்வதாக மாற்றினார்கள் என்று சுசுகியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மங்காவில் அந்த இடத்தில் அவள் இறப்பதே இல்லை. ஓமுக்களின் பொன்னிற உணர்கொம்புகள் அவளைத் தூக்கி அவள் காயத்தை ஆற்றுவதோடு சரி. ஆனாலும் நான் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அணில் போன்ற குட்டி விலங்கு டெட்டோ அவள் விரலைக் கடித்துப் பல்லைப் பதிக்க, கையை உதறாமல் பொறுத்துக்கொண்டு, "பயந்துவிட்டாய், அவ்வளவுதானே" என்கிறாளே, பின் அது தானே கடித்த இடத்தை நக்குகிறதே, அந்தச் சில நொடிகளில் அவள் யார் என்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது.

நீ எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவன் என்பதால் முடிவைச் சொல்லத் தயங்கவில்லை. கதையின் உலகில் பரவிவரும் நச்சுக்காடு மண்ணின் விஷத்தை உறிஞ்சி, அடியில் தூய நீரையும் மணலையும் உண்டாக்குகிறது என்று படம் நமக்கு ஆறுதல் சொல்லியது. பாதரசத்தால் கெட்டுப்போன மினமாட்டா விரிகுடாவில் மீன்பிடிப்பு நின்றபின் மீன்கள் பெருகிய செய்தி தம்மை உலுக்கியதாக மியாசாகி சொல்லியிருக்கிறார். காட்டின் வேர் அங்கிருக்கிறது. மங்காவோ அந்த ஆறுதலையே பிடுங்கிக்கொள்கிறது. காடு இயற்கையாக முளைத்ததே அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகைப் பாழாக்கியவர்களே அதைத் திட்டமிட்டு உண்டாக்கினார்கள். அதோடு நிற்காமல் மனித உடலையும் நச்சைத் தாங்கும்படி மாற்றிவிட்டார்கள். ஆகவே உலகம் முழுதும் தூய்மையாகும் நாளில், அந்தக் காற்றைச் சுவாசிக்கும் மனிதர்கள் நுரையீரலில் இரத்தம் கசிந்து சாவார்கள். அவர்கள் கட்டிவைத்துப் போன ஷூவா கல்லறைக்குள் இருந்து பேசும் குரல், உங்களை மீண்டும் மாற்றித் தருகிறோம் என்கிறது. நௌஷிகா அதை நம்ப மறுத்து, தன்னைத் தாய் என்று அழைக்கும் இராட்சத வீரனைக் கொண்டு கல்லறையை இடித்துவிடுகிறாள். படத்தில் உருகி ஒழுகும் ஒரு போர்க்கருவியாக மட்டும் வந்து மறைந்ததே, அதே உயிர்தான். இங்கே அவள் அதற்கு ஓமா என்று பெயர் வைத்ததும் அதற்கு அறிவு விழித்துக்கொள்கிறது. உடல் அழுகிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் சொல்லைக் கேட்கத் துடிக்கிறது. அந்தப் பக்கங்களில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதற்குப் பிறகு வருவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கல்லறையிலிருந்து வெளியே வந்தவள், வெற்றியென்று ஆரவாரிக்கும் மக்களிடம் உண்மையைச் சொல்வதில்லை. அந்தக் காட்டிலேயே வாழும் வனவாசி செல்முக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாக அது நின்றுவிடுகிறது.

அப்பாவின் பரிசோதனை முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த நடவுக்கு நானே வயலில் நிற்பேன்" என்று அவர் சொன்னதற்கு நாம் இருவரும் தலையாட்டிக்கொண்டு நின்றோமே, அது நினைவுக்கு வந்தது. நாம் செய்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவருக்கு மிச்சமிருந்தது சில வாரங்கள். அந்த வாரங்களை அவர் நிம்மதியாகக் கழித்தார். ஆனால் ஒரு குடும்பம் ஒருவருக்கு மறைப்பதும் ஒருத்தி மனித குலத்துக்கே மறைப்பதும் ஒன்றாகுமா? அந்த மக்களுக்கு இன்னும் பல தலைமுறைகள் இருக்கின்றன. தெரிந்தால் ஏதேனும் வழி தேடியிருப்பார்கள், தேடாமல் போனாலும் அது அவர்களுடைய முடிவாக இருந்திருக்கும். அதைவிட முக்கியம், கல்லறையைக் கட்டியவர்கள் மீது அவளுக்கு வந்த கோபமே, மக்களைக் கேட்காமல் மக்களின் விதியை எழுதினார்கள் என்பதுதான். அந்தக் கோபத்தோடு கல்லறையை இடித்த கையாலேயே அவளும் அதைத்தான் செய்கிறாள். இடித்தது சரி என்று உறுதியாகச் சொல்வேன். மறைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னவளோ, அன்று அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே ஆளுக்கு ஆள் வெட்டிக்கொண்டு செத்திருப்பார்கள் என்று வாதாடுகிறாள். போரின் நடுவில் நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அவள் சொல்வதையும் எளிதில் தள்ள முடியவில்லை.

மாப்பிள்ளை தீபாவளிக்கு உங்கள் ஊருக்கு வருகிறார். ஏழு தொகுதிகளையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கறுப்புக்குப் பதில் பழுப்பு மையில் அச்சிட்ட பக்கங்கள், கோடுகள் நெருக்கமானவை. விளக்கை அருகில் வைத்துக்கொண்டு, தயவுசெய்து இந்த ஒரு முறையாவது முதல் தொகுதியிலிருந்து படி. படத்தில் வெறும் படையெடுப்பாளியாக வரும் குஷானா இங்கே எவ்வளவு பெரிய மனுஷி என்பதை வழியில் பார்த்துக்கொள்வாய். முடித்ததும், அவள் சொல்லியிருக்க வேண்டுமா கூடாதா என்பதை மட்டும் எனக்கு எழுது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
மணி